இரண்டாம் நம்பர் டிஸ்க்

எண்ணுவதை ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் குழாய்ச் சாமான் குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை பார்க்கிறேன். முதல் ரேக் ஒன்று, அடுத்தது இரண்டு. லாரி டிரைவருக்கோ, மூட்டை இறக்குகிறவருக்கோ, சரக்கைச் சரிபார்க்க வரும் அதிகாரிக்கோ இதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘லேபிள்’ என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். லேபிள் இல்லாத பெட்டி ஒன்றுகூட என் குடோனில் கிடையாது.

என் மனைவியின் தம்பி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஜாதி. ஒரு பெரிய கம்பெனியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறான். அவனோடு நான் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் நானே ஒரு புத்தக அலமாரி அடித்தேன். அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று, வந்திருந்த என் மேனேஜர் முன்னாலேயே ஒரு பேட்டரியை அதன் மேல் வைத்துக் காட்டினான். பேட்டரி உருண்டது. உருளாமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அன்றிலிருந்து எங்களுக்கு நடுவில் என் மனைவிதான் தபால்காரி. “அவன்கிட்ட சொல்லு” என்பேன் நான். “அத்தான்கிட்ட சொல்லு” என்பான் அவன். ஒரே அறையில் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு வந்து, சாயங்காலம் எங்கள் இருவரின் வாயாகவும் இருந்தாள்.

அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவான வாரம் அவன் வந்து நின்றான். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதற்கப்புறம் குரல் வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் அவள் குரலைச் சேர்த்து வைத்துவிடலாம் என்றான். வீட்டிலேயே ஒரு சர்வர். பழைய வீடியோக்களில் அவள் பேசியது எல்லாம் அதில் ஏறும். புதிதாகவும் பேசிப் பதிவு செய்யலாம். பிறகு டேப்லெட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் குரலிலேயே பேசும். அதைக் கேட்டதும்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதனால் அவனை வீட்டுக்குள் விட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து நாலு கட்டம் வரைந்தான்.

“நாலு டிஸ்க், அக்கா. நாலுல எது ஒண்ணு செத்தாலும் மத்த மூணை வெச்சு அதுல இருந்ததைத் திரும்ப உருவாக்கிடலாம். ரெண்டு ஒண்ணா போனாதான் எல்லாம் காலி. அதெல்லாம் சட்டுனு நடக்காது.”

“ஒரு ஃபைலு எந்த டிஸ்க்ல இருக்கும்னு கேளு,” என்றேன் அவளிடம்.

“எதுலேயும் முழுசா இருக்காது. துண்டு துண்டா நாலுலேயும் இருக்கும்.”

“குழாயை ஒரு ரேக்ல, மூடியை ஒரு ரேக்ல, வாஷரை இன்னொரு ரேக்ல வெச்சா அதுக்குப் பேரு குடோன் இல்ல, குப்பைத்தொட்டின்னு சொல்லு.”

“இவர் இப்படித்தான் சொல்வார்னு தெரியும். ரெண்டு ரெண்டா ஜோடி போட்டு, எல்லாத்தையும் முழுசா ரெண்டு தடவை வைக்கலாம். ஆனா எடம் பத்தாது.”

“என் குரல் அவ்வளவு எடமா பிடிக்கும்?” என்று அவளே கேட்டாள். அப்போதே குரல் கரகரத்துப் போயிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் சரளைக் கல்லில் இழுபட்டு வந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. அவன் சேர்த்து வைத்திருக்கும் ஆயிரத்து எண்ணூறு சினிமாவும் இதே சர்வர் பெட்டிக்குள் ஏறப்போகின்றன. அக்காவின் குரலுக்கு ஒரு மூலை, அடிதடிப் படங்களுக்கு மீதி வீடு. “சினிமாவுக்கு இங்க எடமில்லைன்னு சொல்லு,” என்றேன். அவள்தான், “டிஸ்க்கை அவன்தானே வாங்கறான், விடுங்க” என்று முடித்துவிட்டாள்.

“அஞ்சாவதா ஒரு டிஸ்க்ல குரலை மட்டும் காப்பி எடுத்து என் வீட்டுல வெச்சுக்கறேன்,” என்றான்.

“ஒரே சரக்கு ரெண்டு எடத்துல இருந்தா எது சரியானதுன்னு ஒருநாளும் தெரியாதுன்னு சொல்லு,” என்றேன். அது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. என் மனைவியின் குரல் எதற்கு அவன் வீட்டில் இருக்க வேண்டும்? அவன் நினைத்தபோதெல்லாம் எதற்குக் கேட்க வேண்டும்?

“சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் கேட்டேன்ங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கச் சொல்லுக்கா.” பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். இரண்டாவது தடவை கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டால் கௌரவம் குறைந்துவிடும்.

எப்படி அடுக்குவது என்பதிலும் சண்டைதான். வருடம், மாதம், தேதி என்று ஃபோல்டர் போட வேண்டும் என்றேன் நான். எப்போது வந்த சரக்கு என்று தெரிய வேண்டாமா? “தேதியை வெச்சுக்கிட்டு அக்கா என்ன பண்ணுவா? தண்ணி வேணும்னா, தண்ணி வேணும்ங்கற ஃபைல் உடனே கிடைக்கணும்” என்றான் அவன். கூப்பிடுவது, கேட்பது, சொல்வது, திட்டுவது, சிரிப்பது என்று ஐந்து ஃபோல்டர். அவள் அவன் பக்கம் சாய்ந்தாள். ‘திட்டுவது’ ஃபோல்டரில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல் சேர்ந்தது. பெரும்பாலும் என் பெயர்தான்.

எதிரொலி வரக் கூடாது என்று துணி அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, தொங்கும் சேலைகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் பேசினாள். சமையலறை வார்த்தைகள், பெயர்கள், வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை, சும்மா ஒரு உம், ஒரு ஐயோ. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு நான் கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்தே, “ஏங்க, வந்துட்டீங்களா?” என்பாள். பத்தொன்பது வருடமாகத் தினமும் கேட்ட குரல் அது. அதைச் சேலைக்குள் முகத்தை வைத்துச் சொன்னால் சரியாக வராது. அதனால் ஒருநாள் போனில் பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். சரியாக வந்தது. நாலே நொடி. அதை நானே ‘கூப்பிடுவது’ ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெட்டியில் இருந்த மற்றதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

பெட்டி அவன் ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய இரும்புப் பெட்டி. எந்த டிஸ்க் வேலை செய்கிறது, எது செத்தது என்று காட்ட விளக்குகூடக் கிடையாது. டிஸ்க்குகள் மேலிருந்து கீழே வரிசையாக இருந்தன. நாலிலும் குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டில், என் மேஜைக்கடியில் இருக்கிற பெட்டியில் முதல் சாமானுக்குப் பூஜ்யமா? நாலையும் பிய்த்துப் போட்டுவிட்டு, குடோனிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் லேபிளை ஒட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவள் உடனே போனை எடுத்துத் தம்பிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். டைப் அடிப்பது அவளுக்குப் பிடிக்காது, எல்லாம் குரல் செய்திதான். “டேய், உன் ஸ்டிக்கரை எல்லாம் பிச்சுப் போட்டுட்டாரு. ஒண்ணுலேர்ந்து ஒட்டியிருக்காரு. ஏன்னு கேட்டா, ‘எனக்கு எண்ணத் தெரியும், உன் தம்பி சொல்லித் தர வேண்டாம்’ங்கறாரு.” என்னைப் போலவே மூக்கை உறிஞ்சி, என்னைப் போலவே இழுத்துச் சொன்னாள். அந்தக் கரகரத்த தொண்டையிலும் அவளுக்கு அந்தக் குறும்பு இருந்தது. பதில் எனக்கு வந்தது, அவள் வழியாகத்தான். மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போயிருந்த இடத்திலிருந்து குரல் செய்தியாக அனுப்பினாள். “அவன் சொல்றான், ‘அத்தானுக்கு அறிவு கிடையாது, அவர்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல, எப்படியோ போகட்டும்’னு.” அதிலும் அவன் குரலை அப்படியே பிடித்திருந்தாள்.

எல்லாம் பெட்டிக்குள் ஏறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பழைய மெமரி கார்டுகள், மூன்று பழைய டிஸ்க்குகள், இரண்டு போன்களில் இருந்த வீடியோக்கள், அந்தக் கதவுப் பதிவு எல்லாவற்றையும் அழித்தேன். சரக்கு புது ரேக்குக்குப் போனால் பழைய ரேக்கைத் துடைத்து வைப்பது எங்கள் வழக்கம். அவன் மடிக்கணினியில் இருந்த பதிவுகளை அவனும் அழித்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. ஏதோ படம் இறக்க இடம் வேண்டியிருந்ததாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், கழுத்தில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தாள். புண் ஆறட்டும், இரண்டு மாதம் கழித்து டேப்லெட்டில் ஏற்றித் தருகிறேன் என்றான் அவன். அதுவரைக்கும் எழுதி அழிக்கிற சிலேட்டு ஒன்று. வீடு அமைதியாகிவிட்டது. எனக்கும் அவனுக்கும் நடுவில் தபால் நின்றுபோனது. அவனிடம் நேராகப் பேசலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்த இடத்திலிருந்து அவளுக்கு எழுத்தில் செய்தி வந்தது; டிஸ்க் செத்தால் அவன் போனுக்குத் தகவல் போகுமாம். அவள் போனை என்னிடம் நீட்டினாள். ‘டிஸ்க் 2 செத்துப்போச்சு. புது டிஸ்க் மேஜை டிராயர்ல இருக்கு. சனிக்கிழமை நான் வந்து மாத்தறேன். யாரும் தொட வேண்டாம்.’

யாரும் என்றால் யார்? அந்த வீட்டில் நானும் அவளும்தான். அவள் தொடப்போவதில்லை. அந்த ‘யாரும்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. கெட்டுப்போன சரக்கு மூன்று நாள் நல்ல சரக்கோடு கிடப்பதா? என் குடோனில் ஒரு மணி நேரம் விடமாட்டேன். ஸ்குரூ டிரைவரைத் தேடினேன்.

அவள் சிலேட்டில் எழுதினாள்: அவனைக் கேளுங்க.

“எனக்கு எண்ணத் தெரியும்,” என்றேன்.

அவள் சிலேட்டை மேஜையில் தட்டினாள். மறுபடி தட்டினாள். நான் மேஜைக்கடியில் குனிந்துவிட்டேன். மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, என் மஞ்சள் லேபிளில் இரண்டு என்று போட்டிருந்ததைக் கழற்றினேன். புதியதை அந்த இடத்தில் செருகினேன். மறுபடி மின்சாரத்தைப் போட்டால் திரையில் ஒரு ஃபோல்டரும் வரவில்லை. அவன் சனிக்கிழமை வந்து ஏதாவது தட்டினால் வரும் என்று நினைத்துக்கொண்டேன். கழற்றியதைப் பால்கனிக்கு எடுத்துப்போய், துளைபோடும் மெஷினால் மூன்று துளை போட்டேன். அவள் குரல் இருந்த டிஸ்க், குப்பையில் போட்டால் யார் கையிலாவது கிடைக்கும். ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று எனக்கே என் மேல் ஒரு திருப்தி.

சனிக்கிழமை அவன் வந்து பெட்டியைத் திறந்தான். ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“இதுல இருந்த டிஸ்க் எங்க?”

பால்கனியைக் காட்டினேன். எடுத்துவந்து அதன் முதுகில் அச்சடித்திருந்த நம்பரைத் தன் போனில் இருந்த பட்டியலோடு ஒத்துப் பார்த்தான்.

“இது செத்த டிஸ்க் இல்ல.”

“ரெண்டுன்னுதான அனுப்பின? இது ரெண்டு. லேபிளைப் பாரு.”

“என் கணக்குல இது ஒண்ணு. உங்க மூணுதான் என் ரெண்டு.” போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். “செத்தது இன்னும் உள்ளேயே இருக்கு. நீங்க ஓட்டை போட்டது நல்ல டிஸ்க். ரெண்டு டிஸ்க் போச்சு. எல்லாம் போச்சு.”

அப்போதும் என் வாய் நிற்கவில்லை.

“நான் லேபிளை மாத்தினது உனக்குத் தெரியும். அவ சொன்னா. தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு ரெண்டுன்னு அனுப்பின?”

“தொட வேண்டாம்னுதான அனுப்பினேன்! தமிழ் படிக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“ஜோடி ஜோடியா வெச்சிருந்தா இது நடந்திருக்குமா? எவனோ எவனையோ அடிக்கிற படத்துக்கு எடம் வேணும்னு உங்க அக்கா குரலைத் துண்டு போட்டவன்தானே நீ?”

“அஞ்சாவது டிஸ்க் வேண்டாம்னது யாரு? என் வீட்டுல வெச்சா உங்க சொத்தை அள்ளிட்டுப் போயிடுவேன்னு பயந்தது யாரு?”

“நீ மறுபடியும் கேட்டிருக்கலாம்ல?”

“உங்ககிட்டயா?”

பக்கத்து வீட்டு ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அவள் கதவோரம் நிற்பதைப் பார்த்தோம். துளை போட்ட டிஸ்க்கை அவன் கையிலிருந்து வாங்கி, ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விளிம்பு கூர்மை, விரலில் கீறல் விழுந்தது. பிறகு சிலேட்டில் எழுதினாள்: ஒண்ணுகூட இல்லையா?

“செத்த டிஸ்க்ல இருக்கறதை எடுத்துக் கொடுக்கிற எடம் இருக்குக்கா, குடுத்துப் பாக்கலாம்,” என்றான் அவன். கொடுத்தோம். உள்ளே தகடு முழுக்கச் சுரண்டிப் போயிருக்கிறது, ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை என்று பத்து நாளில் திரும்பி வந்தது. அவள் எழுதியதற்குப் பதில் அதுதான்.

அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திட்டக்கூட இல்லை, எதை வைத்துத் திட்டுவாள்? எனக்குச் சிலேட்டில் எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேஜையில் இருக்கும். சாயங்காலம் ஆறரைக்குக் கதவைத் திறந்தால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருக்கும். நான் ஒருநாள் கதவை மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

எனக்கும் மச்சினனுக்கும் கிடைத்த ஒரே லாபம், இப்போது நேராகவே திட்டிக்கொள்கிறோம்.

அப்புறம் ஒருநாள் அவள் என் போனுக்குக் கையை நீட்டினாள். அவன் வந்தபோது அவனுடையதையும் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் இரண்டு போனையும் டேப்லெட்டையும் வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்தாள். எட்டிப் பார்த்தால் திரையைக் கவிழ்த்து வைத்தாள். எனக்குப் புரிய நேரம் பிடித்தது. குரல் செய்திகள். அனுப்பியதைத் தன் போனில் அவள் வைத்துக்கொள்வதில்லை; எங்கள் போன்களில், சரக்கு என்று நினைக்காததால் நாங்கள் அழிக்காமல் விட்டது அது ஒன்றுதான். என் போனில் முப்பத்தெட்டு, அவன் போனில் ஐம்பத்து மூன்று.

போன் திரும்பி வந்ததும் முப்பத்தெட்டையும் கேட்டேன். “ஏங்க, வந்துட்டீங்களா?” அதில் எங்கேயும் இல்லை. வீட்டில் நேரில் கேட்பதை யார் போனில் அனுப்புவார்கள்? “அவன் சொல்றான்”, “அவன் கேக்கறான்”, “அவன் முடியாதுங்கறான்”. அவன் போனிலும் அப்படித்தான் இருக்கும். “அத்தான் சொல்றாரு”, “அத்தான் விடமாட்டேங்கறாரு”. உலகத்தில் என் மனைவியின் குரல் என்று மிச்சமிருப்பது தொண்ணூற்றொரு துண்டு. அத்தனையும் நாங்கள் இருவரும் சொல்லியனுப்பிய வசவு. கடைசி ஐந்து வாரத்தில் அவள் தொண்டையில் மிச்சமிருந்ததை நாங்கள்தான் செலவழித்திருக்கிறோம். சமையலறையில் நின்று, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் பேப்பரோடு வந்தான். அந்தத் தொண்ணூற்றொன்றையாவது ஒழுங்காக வைக்க வேண்டும். நாலு டிஸ்க், இரண்டு இரண்டாக ஜோடி, சினிமா ஒன்றுகூடக் கிடையாது, ஐந்தாவது அவன் வீட்டில், ஆறாவது என் குடோனில். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அவன் முதல் கட்டத்துக்குள் பூஜ்யம் போட்டான்.

“ஒண்ணுலேர்ந்து போடு,” என்றேன்.

“சிஸ்டம் பூஜ்யத்துலேர்ந்துதான் காட்டும். பேப்பர்லயும் அதே இருந்தாதான் இனிமே குழப்பம் வராது.”

“இந்த வீட்டுல மறுபடியும் பூஜ்யமா? அப்ப சிஸ்டத்தை மாத்து.”

“இவ்வளவு நடந்தும் உங்களுக்கு...”

அவள் டேப்லெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பொத்தான்கள், அவளே அடுக்கியது. ஒன்றிலும் நம்பர் இல்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு ஒன்றை அழுத்தினாள். “அத்தானுக்கு அறிவு கிடையாது, அவர்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல, எப்படியோ போகட்டும்.” பேனா அவன் கையிலேயே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி இன்னொன்றை அழுத்தினாள். “எனக்கு எண்ணத் தெரியும், உன் தம்பி சொல்லித் தர வேண்டாம்.” முன்னும் பின்னும் வெட்டி, அதை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். அவள் குரல், என் மூக்குறிஞ்சல், என் இழுப்பு. அவள் பேப்பரை எடுத்து, நம்பர் போடுகிற இடத்தில் நாலு நிறப் பெயர்களை எழுதினாள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை.

மறுநாள் குடோனிலிருந்து வழக்கம்போல ஆறரைக்கு வந்தேன். கதவைத் திறந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே அறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“எனக்கு எண்ணத் தெரியும், உன் தம்பி சொல்லித் தர வேண்டாம்.”

இன்னொரு செருப்பையும் கழற்றினேன்.

“வந்துட்டேன்,” என்றேன்.